சொல்லாமல் விட்ட சேதி

மார்புப் புற்றுக்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் என்று எட்டு மாதமும் மூத்தவளைத் தாங்கியது இளையவள்தான். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருக்கும் ஓரகத்திகள். கூடப்பிறந்தவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். மூத்தவளுக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. குளிப்பாட்டுவது, ரவிக்கைக்குள் கையை நுழைப்பது, கொக்கி மாட்டுவது எல்லாம் இவள்தான்.

பிறகு ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்தார்கள். அதே நோயிலிருந்து மீண்ட ஒன்பது பெண்கள். சுவரில் விரலை ஏற்றி ஏற்றிக் கையை உயர்த்துவது, ரப்பர் பட்டையை இழுப்பது, ஒரு கிலோ டம்பெல். முதல் வாரம் மூச்சு வாங்கி வந்தவள், மூன்றாம் மாதம் சிரித்துக்கொண்டு வந்தாள். வாய் ஓயாமல் வகுப்புக் கதை. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் கேப்டனாம்.

ஒருநாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே உடுத்தி வெளியே வந்தாள். "பாத்தியா, கொக்கியக்கூட நானே மாட்டிட்டேன்!"

"ரொம்ப சந்தோஷம்கா" என்றாள் இளையவள். வயிறு பற்றி எரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பயிற்சியாளர் போன் செய்தபோது மூத்தவள் குளித்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பூங்கால நடை ஏழரைக்கு இல்ல, ஆறு மணிக்கு. கேப்டன்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேங்க" என்று போனை வைத்த இளையவள் சொல்லவில்லை.

மறுநாள் ஏழரைக்குப் பூங்கா வாசலில் ஒருவரும் இல்லை. அரைமணி நின்று பார்த்துவிட்டு மூத்தவள் திரும்பி வந்தாள். "என்னைக் கழட்டி விட்டுட்டாங்கடி." போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர்கள் கூப்பிட்டபோதும் போனை எடுக்கவில்லை. வகுப்புக்கும் போகவில்லை.

இளையவளுக்கு உள்ளூர மனசு குளிர்ந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், தோளை நீவிவிட்டாள்.

பத்து நாள் போனது. "கொஞ்சம் வாயேன்" என்ற குரல் கேட்டு ஓடினாள். பாதி ஏறிய ரவிக்கைக்குள் கை மாட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் மூத்தவள். இப்படி ஒரு அழைப்புக்குத்தான் இளையவள் ஏங்கிக் கிடந்தாள். ஆனால் அந்தக் கையை விடுவிக்கும்போது, 'கொக்கியக்கூட நானே மாட்டிட்டேன்' என்று நின்ற முகம்தான் நினைவுக்கு வந்தது.

"அக்கா, அன்னிக்கு நடை நேரத்தை மாத்திட்டதா அவங்க முந்தின நாளே போன்ல சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"ஏன்?"

"பொறாமைக்கா. வேற என்னத்தச் சொல்ல."

மூத்தவள் தன் கையை இழுத்துக்கொண்டாள். "படுத்துக் கிடந்தப்ப தாயா பாத்துக்கிட்டே. எழுந்து நடந்தா மட்டும் பொறுக்கலையா உனக்கு?"

இளையவள் போனை எடுத்தாள். பயிற்சியாளருக்குத் தானே போன் போட்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள். "நாளைக்கு அனுப்பி வைங்க" என்றது மறுமுனை.

மறுநாள் மூத்தவள் வகுப்புக்குக் கிளம்ப, இவள் பின்னாலேயே போனாள். மூத்தவள் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இளையவள் பயிற்சிக்கூடத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே "கேப்டன் வந்தாச்சு!" என்று ஒரே கூச்சல். அது இன்னமும் உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மூத்தவள் வியர்த்து வழிய வெளியே வந்தாள். முகத்தைப் பார்க்காமல் கைப்பையை நீட்டினாள்.

"பிடி. சும்மாத்தானே உக்காந்திருக்கே?"