ரெக்கார்டில் உள்ளபடி

"இந்தப் பாட்டோட ரெண்டாவது பிஜிஎம்மை இன்னிக்கு நான் என் இஷ்டத்துக்கு வாசிக்கணும்ணே" என்றேன்.

மைக் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த சுருளிவேல் அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். செம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். சாயங்காலம் வரவேற்பு, மதியம் மேடையில் சவுண்டு சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்க நான் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. பாட்டுக்கு நடுவில் வரும் இசை ரெக்கார்டில் உள்ளபடி இருக்க வேண்டும். ஒரு சுரம் மாறினாலும் ஜனங்களுக்குத் தெரிந்துவிடும். அது பொய்யில்லை. ரெட்டியார்சத்திரத்துத் திருவிழாவில் எங்களுடைய இன்னொரு கீபோர்டு முகேஷ்குமார் ஒரு புல்லாங்குழல் இசையைப் பாதியில் விட்டுவிட்டான். கீழே நின்ற ஆள் ஒருவர் மிச்சத்தை விசிலடித்து முடித்தார். கூட்டம் அந்த ஆளுக்குத்தான் கைதட்டியது.

"உனக்கு என்ன தாயி ஆச்சு?"

எனக்கு ஆனது ஜாஸ்.

எங்கள் வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான். அப்பா மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். பி.எஸ்சி. முடித்த மகள் மேடையில் குத்துப்பாட்டு வாசிப்பதைப் பொறுத்துக்கொள்வதற்கு ஒரே காரணம், நான் நன்றாக வாசிக்கிறேன் என்று ஊரில் நாலு பேர் சொல்வதுதான். இந்த மேடை போனால் பேங்க் பரீட்சை, அதுவும் போனால் மாப்பிள்ளை. எனக்குத் தெரியாமல் இல்லை.

ரிதம் பேட் வாசிக்கும் ஃபாரிஸ்தான் ஒரு ஜாஸ் பியானோக்காரரின் பதிவை அனுப்பினான். முதல் தடவை கேட்டபோது நாலு பேர் சேர்ந்து நாலு பாட்டு வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். தாளம் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை. எரிச்சல் வந்தது. எரிச்சலிலேயே திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்து, துண்டு துண்டாக, அவர் தடுமாறிச் சமாளித்த இடம் உட்பட நடுப்பகுதி முழுவதையும் பாடம் பண்ணினேன். எந்த சினிமாப் பாட்டுக்கும் அப்படி உழைத்ததில்லை.

ஃபாரிஸிடம் வாசித்துக் காட்டினேன். அவன் போனில் இன்னொன்றைப் போட்டான். அதே ஆள், அதே பாட்டு, வேறொரு நாள் வாசித்தது. தொடக்கமும் முடிவும் அதேதான். நடுவில், நான் பாடம் பண்ணியதில் ஒரு வரிகூட இல்லை.

"மறந்துட்டாரா?" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன்.

"மறக்கல பிள்ள. முன்னயும் பின்னயும்தான் பாட்டு. நடுவுல அப்பப்ப கையில வர்றது. அன்னிக்கு அவருக்கு வீட்டுல சண்டையோ என்னமோ. நீ அந்தச் சண்டைய மனப்பாடம் பண்ணி வச்சிருக்க."

அவன் சிரித்தான். பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்து மார்க் வாங்கியவள் நான். மேடையிலும் அதையே செய்துதான் கைதட்டு வாங்குகிறேன். வேறு மாதிரி வாசிக்கலாம் என்று ஒரு ஆள்கூட எனக்குச் சொன்னதில்லை.

அதனால்தான் இன்று அண்ணனிடம் கேட்டேன்.

"பாட்டை நான் ஒண்ணும் பண்ணல. அதே தாளம், இடது கையில அதே கார்ட்ஸ். மேல வாசிக்கறது மட்டும் என் பாடு."

"மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து என் சட்டையப் பிடிப்பானே, அது யாரு பாடு?"

"பிடிச்சா நான் பேசிக்கறேன்."

"டிகிரி படிச்ச புள்ளையச் சேக்காதீகன்னு என் வீட்டுக்காரி அப்பவே சொன்னா." ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். "சரி, வாசி. கேக்கற மாதிரி இருந்தா சாயங்காலமும் வாசி. ஏலே ஃபாரிஸ், தாளத்தப் போடு."

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அந்த இடம் வந்தது. ஃபாரிஸ் தலையசைத்தான். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன்.

ரெக்கார்டில் உள்ளது வந்தது.

முதல் சுரத்திலிருந்து அப்படியே. நிறுத்தி, "திரும்பப் போடு" என்றேன். வேண்டுமென்றே வேறு சுரத்தில் தொடங்கினேன். கொஞ்சம் தள்ளிப் போன விரல்கள் தாமாகவே பழைய வழியில் போய்ச் சேர்ந்துகொண்டன. இன்னொரு முறை. இப்போது வந்தது அந்தப் பியானோக்காரருடையது, அவருடைய தடுமாற்றத்தோடு.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஃபாரிஸ் நிறுத்தவில்லை. எனக்காக இன்னொரு சுற்று ஓட்டினான். தாளம் மட்டும் காலியாக ஓடியது. கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே விரல் வைப்பது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் வாசித்த கையில் எனக்கென்று ஒரு சுரம் இல்லை.

சுருளிவேல் அண்ணன் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"முதல்ல வாசிச்ச பாரு, இம்புட்டுச் சுத்தமா நீ வாசிச்சு நான் கேட்டதில்ல. போ, சாப்டு வா. நமக்கு இலை போட்டுட்டாங்க."

கீபோர்டை அணைத்து உறையில் போட்டேன். அது என்னுடையது.

"எங்க கிளம்பிட்ட?"

"முகேஷ்குமாருக்கு இப்ப எல்லாப் பாட்டும் பாடம்ணே. ரெக்கார்டு மாதிரியே வாசிப்பான்."

"நான்தான் சரின்னேனே ஆத்தா. தடுக்கலையே."

"நீங்க தடுக்கலண்ணே."

"பின்ன வீட்டுல போயி என்ன செய்வ?"

"எனக்குன்னு வர்றத வாசிப்பேன். கொஞ்ச நாளைக்கு அசிங்கமாத்தான் இருக்கும்."

"செத்த நேரம் இரு, சாப்டுட்டாவது போ" என்றான் ஃபாரிஸ்.

அப்பா என்ன சொல்வார் என்று தெரியும். சொல்லட்டும். உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.