டியூப் காசு

சுப்ராயனுக்குப் பாவாடை தர வேண்டியது நூற்றெண்பது ரூபாய். மொபெட்டின் முன்சக்கரத்துக்கு டியூப் மாற்றியபோது கடனாக வாங்கியது. பெரிய தொகை ஒன்றுமில்லை. இந்தச் சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமை என்று தள்ளித் தள்ளியே அது முகத்தில் விழிக்க முடியாத தொகையாகிவிட்டது. இப்போது அந்தப் பணம் அவன் சட்டைப்பையில் இருந்தது. வாங்கிக்கொள்ள வேண்டியவனை மண்ணில் வைத்தாகிவிட்டது.

சுப்ராயன் வீட்டுத் தெருவில் நுழைந்ததும் மொபெட்டை மெதுவாக்கினான். டிவிக்காரர்களின் வண்டிகள் போய்விட்டிருந்தன. சாராயம் குடித்துச் செத்த அஞ்சு பேருக்கும் சேர்த்துத் தெரு முழுக்க ஒரே பந்தலாகப் போட்டிருந்தார்கள். கீற்று போதாமல் கடைசியில் ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதன் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருடைய முகமும் நீலமாகத் தெரிந்தது. யாரும் அழவில்லை. ஏதோ ஒரு வீட்டுக்குள் செத்தவனின் செல்போன் பாட்டுப் பாடி அடங்கியது. திரும்பவும் பாடியது. எடுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"வாடா," என்றார் அரசப்பன். உப்பளத்தில் லோடு ஏற்றுகிறவர், பாவாடைக்கு மாமன் முறை. "ஊரே போச்சு, நீ மட்டும் எப்டிடா தப்பிச்ச?"

"அன்னிக்கு நேரா வூட்டுக்குப் போய்ட்டேன் மாமா."

"சுப்ராயன் துட்டு கேப்பான்னு வரப்பு மேல ஓடுனியே, நாந்தான் பாத்தேனே. அந்தக் கடன்தான்டா உன்ன காப்பாத்தி வுட்டுது." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்த பிறகுதான் தான் சிரித்தது அவருக்கே கேட்டதுபோல, துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னது நிஜம்தான். உப்பளத்தில் பாவாடையும் சுப்ராயனும் ஜோடி. ஒருவன் பலகையால் உப்பை வாரி இழுத்தால் மற்றவன் வரப்பில் குவிப்பான். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஜோடி ஜோடியாகச் சவுக்குத் தோப்புக்குப் போய் ஆளுக்கொரு பாக்கெட் சாராயம் குடிப்பது வழக்கம். அன்றைக்குக் கூலியைக் கையில் வாங்கும்போதே, "ஏம்பா ஜோடி, என் டியூபு எப்பப்பா வரும்?" என்று சுப்ராயன் எல்லோர் முன்னாலும் கேட்டு வைத்தான். கிண்டலாகத்தான் கேட்டான். பாவாடைக்குச் சுருக்கென்றது. உப்பு அம்பாரத்தைச் சுற்றிக்கொண்டு நழுவியவன் வீட்டில் போய்த்தான் நின்றான்.

அரசப்பனுக்குத் தெரிந்தது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது பாவாடைக்கும் அவன் பெண்டாட்டி ஞானாம்பாளுக்கும் மட்டுமே தெரியும்.

அன்று விடிந்து வெயில் ஏறும் நேரம். வாசலில் சுப்ராயன் குரல் கேட்டது. "டேய் பாவாடை, கண்ணு வெள்ளையா இருக்குதுடா. வெளிய வாடா."

பாவாடை பாயில் எழுந்து உட்கார்ந்தான். கண் வெள்ளையாவது உப்பளத்தில் புதிது இல்லை. சித்திரை வெயிலில் நாளெல்லாம் வெள்ளைப் பாத்தியைப் பார்த்து நின்றால், மறுநாள் யாரைப் பார்த்தாலும் பனிக்குள் நிற்பதுபோலத்தான் தெரியும். ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்தால் சரியாகிவிடும். இதைச் சாக்காக வைத்துக் காசு கேட்க வந்திருக்கிறான் என்று நினைத்தான். ஞானாம்பாளைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

அவள் கதவுக்கு வெளியே தலையை மட்டும் நீட்டினாள். "அவுரு அப்பவே கெளம்பிட்டாருண்ணா."

கதவுச் சந்து வழியாக பாவாடை பார்த்தான். சுப்ராயன் ஒரு கையைக் காற்றில் நீட்டித் தடவிக்கொண்டே வந்து மொபெட்டின் மேல் முட்டிக்கொண்டான். சீட்டைத் தடவினான். ஹேண்டில்பாரைத் தடவினான். வண்டி வாசலிலேயே நிற்பது அவன் கைக்குத் தெரிந்துவிட்டது.

"சரி தங்கச்சி," என்றான். "வந்தா சொல்லு." சீட்டில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனான்.

அன்று ராத்திரி பெரிய ஆஸ்பத்திரியில் சுப்ராயன் உயிர் போனது. சாராயத்தில் விஷம் கலந்திருந்தது என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். அப்போதிலிருந்து சோறு உள்ளே போகிறது, ஆனால் பாவாடைக்கு ருசி தெரியவில்லை. சுப்ராயன் பெண்டாட்டி அமுதவல்லியிடம் போய்ப் பணத்தைக் கொடுத்து, நான் உள்ளேதான் இருந்தேன் அண்ணி என்று சொல்லிவிட வேண்டும். அதற்குமேல் அவள் காறித் துப்பினாலும் துப்பட்டும். அதற்காகத்தான் இப்போது வந்திருந்தான்.

வீட்டுக்குள் அமுதவல்லி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அதில் ஒரு துண்டு முழுகிக் கிடந்தது. அவள் அதை எடுத்துப் பிழிந்தாள், உதறினாள், திரும்பவும் தண்ணீரில் போட்டாள். பாவாடை வந்து நின்றதைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"ஈரத்துணி போட்டேன் பாவாடை," என்றாள். "கண்ணு தெரியலன்னாரு. உப்புக் கண்ணுதான், சும்மா கெடன்னு அதட்டுனேன். துணி காய காய நனைச்சு நனைச்சுப் போட்டேன். பக்கத்து வூட்டு ஆளு வாயில நுரை தள்ளி வுழுந்தப்புறம்தான் ஆம்புலன்சுக்கே போன் பண்ணுனாங்க. அதுவரிக்கும் துணிதான் போட்டுனு இருந்தேன்."

அவன் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தான். கை வியர்வையில் அவை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. "அண்ணி... டியூப் காசு."

அவள் பணத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"உள்ள வெச்சிக்க."

"இல்ல அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு..."

"தெரியும்."

அவன் நோட்டுகளை இன்னும் நீட்டியபடியே நின்றான்.

"ஆம்புலன்ஸ்ல போறப்ப சொன்னாரு. துட்டு கேக்க வரல அவுரு. உன் வண்டியில ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவச் சொல்லத்தான் வந்தாரு. நமக்குத் தெரிஞ்சு உங்கிட்டதான வண்டி இருக்குது." அவள் குரலில் கோபம் இல்லை. பக்கத்து ஊர் விசேஷத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "'வண்டி நிக்குது, அவன் உள்ளதான் கீறான். துட்டுக்குப் பயந்துனு ஒளிஞ்சிக்கினான் பாவம். நாஞ்செத்தா அந்தக் காச அவங்கிட்ட கேக்காத'ன்னாரு. அதுக்கப்புறம் பேச்சு வரல."

நீட்டிய கையை மடக்க பாவாடைக்குத் தெரியவில்லை. அமுதவல்லியே ஈரக்கையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். நோட்டுகள் நனைந்தன. பிறகு அவள் வாளிக்குத் திரும்பி, துண்டை எடுத்துப் பிழியத் தொடங்கினாள்.

வெளியே வந்தான். தார்ப்பாய் நிழலில் மொபெட் நின்றுகொண்டிருந்தது. அரசப்பன் எதையோ கேட்டார். காதில் விழவில்லை. ஏறி உட்காரப் போனவன் சீட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டான். குனிந்து முன்சக்கரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தான். காற்று கொஞ்சமும் இறங்கவில்லை, கல்லைப் போல இருந்தது. ஸ்டாண்டை எடுத்துவிட்டு, சீட்டில் கை படாமல் ஹேண்டில்பாரை மட்டும் பிடித்துக்கொண்டு, பந்தலைத் தாண்டி, உப்பளத்து ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். இரண்டு பக்கமும் வாரப்படாத பாத்திகள் வெயிலில் வெள்ளை வெளேரென்று கிடந்தன. அவன் கண்ணைச் சுருக்காமல் அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.