ஏழாவது ஆள்

மகள் குனிந்து, சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் காலுறையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது, கழகம் வாசலில் செருப்பைக் கழற்றியது. மொத்தம் ஆறு பேர். தலைவர் கையில் மலர்வளையம்; செயலாளர் கையில் கூட்டப் பதிவேடு.

கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு நாட்டை ஆராய்வதற்கான கழகம் அது. முப்பத்தோரு வருடம் அப்பா அதன் எழுத்தர். ஒவ்வொருவரும் அங்கே போய்வர விசாவுக்கு எழுதிப்போட்டவர் அவர். திரும்பி வந்து வாசிக்க வேண்டிய கட்டுரையைப் போவதற்கு முன்பே எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் உறுப்பினர் இல்லை. அந்த மண்ணை மிதித்தவரே உறுப்பினராகலாம் என்பது விதி. தலைவர் பத்து நாள் மிதித்திருந்தார். அதில் நான்கு நாள் வயிற்றுப்போக்கு.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அப்பா கேட்டது ஒன்றுதான். "என்னை உறுப்பினரா சேத்துட்டாங்களான்னு கேளும்மா." கேட்டாள். கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள்.

"இப்பவே கூட்டம் போட்டுடறோம்மா," என்றார் தலைவர், பெட்டியைச் சுற்றி நாற்காலிகளை இழுத்தபடி. "விதியத் தளர்த்தி, முழு உறுப்பினர். அப்பா மனசு குளிரட்டும்."

அன்று முதல் தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. கண்ணீர் கன்னத்துக்கு இறங்குவதற்குள் செயலாளர் தலைகளை எண்ணி முடித்திருந்தார்.

"சார், தீர்மானத்துக்கு ஏழு பேர் வேணும். நாம ஆறு."

தலைவர் பெட்டியைப் பார்த்தார். "இவரோட ஏழு."

"இவர் உறுப்பினர் இல்லையே சார்."

"அதான் ஆக்கப் போறோமேய்யா!"

"ஆக்கறதுக்குத்தான் சார் ஏழு பேர்."

சமையலறை வாசலிலிருந்து அத்தை, எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள். "செத்தவன நடுவுல போட்டுக்கிட்டு ஆள் எண்ணுதுங்க. படிச்சதுங்களாம்!"

"ஏழாவது ஆள் எங்க சார்?" என்றாள் மகள்.

"அந்த நாட்டுக்குத்தாம்மா போயிருக்கார். போன மாசம் அப்பாதான் டிக்கெட் போட்டுக் கொடுத்தார்."

"இந்த விதியெல்லாம் யார் சார் எழுதினது?"

தலைவரின் முகம் மலர்ந்தது. "அப்பாதாம்மா! ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது."

வெளியே அமரர் ஊர்தி ஹாரன் அடித்தது.

"அடுத்த மாசம் முதல் வேலையா வச்சிடலாம்," என்று தலைவர் எழுந்தார். செயலாளர் பதிவேட்டை அவளிடம் நீட்டினார். "ரெண்டு வரி எழுதிடும்மா. வழக்கமா அப்பா எழுதுவார்."

அவள் அப்பாவின் பேனாவாலேயே எழுதினாள்: 'போதிய உறுப்பினர் வராததால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.' ஆறு பேரும் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள்.

வண்டிக்காரர் உள்ளே வந்தார். "தூக்கலாமாம்மா? நாலு பேர் இருந்தாப் போதும்."

தலைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். செயலாளருக்கு மூட்டுவலி. மற்றவர்கள் மலர்வளையத்துக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அத்தை மகன் ஒரு மூலைக்கு வந்தான், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மூலை, வண்டிக்காரர் ஒன்று.

மகள் பேனாவை மூடி, பதிவேட்டின் மேல் வைத்துவிட்டு, நாலாவது மூலையில் போய்க் குனிந்தாள்.