கழித்த பீடி

டிராம் ஓடும் கச்சேரி ரோட்டிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் பிரியும் அந்தச் சந்தில், பீடி சுற்றாத வீடே கிடையாது. சுற்றுகிறவர்கள் எல்லாம் பெண்கள். பெண்கள் அன்னிய ஆண்கள் கண்ணில் படாத கோஷா வீடுகள் என்பதால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு திரை தொங்கும். சனிக்கிழமைதோறும் பீடிக் கம்பெனி ஏஜெண்டு கரீமுல்லா வருவார். உள்ளிருந்து திரைக்கு அடியில் பீடித்தட்டை நகர்த்துவார்கள். அவர் வெளியே குந்திக்கொண்டு இது நல்லது, இது கழிவு என்று பிரிப்பார். கழிவுக்குக் கூலி இல்லை. கழித்ததையும் அவரே கோணியில் கொட்டிக்கொண்டு போய்விடுவார். மிச்சத்துக்கு உண்டான சில்லறையும் அடுத்த வாரத்து இலையும் புகையிலைத் தூளும் திரைக்கு அடியில் உள்ளே வரும். எதிராளியின் முகத்தையே பார்க்காமல் தீர்ப்புச் சொல்கிற நீதிபதி அவர். அப்பீல் கிடையாது.

அஸ்மத்துன்னிசா அப்பீல் செய்து பார்த்தாள். புருஷன் மௌத்தான பிறகு இரண்டு பெண்பிள்ளைகளைப் பீடி சுற்றித்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். சுற்றினதில் கால்வாசி கழிவென்றால், வயிற்றிலும் கால்வாசி காலி. தம்பி வலியுல்லாவைக் கம்பெனிக்கு அனுப்பினாள். "எங்களுக்கு ஏஜெண்டைத்தான் தெரியும், உன் அக்காவைத் தெரியாது" என்று சொல்லிவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் சிரித்தார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவர் மட்டும் மரியாதையாகப் பேசினார்: வழக்குப் போடலாம், ஆனால் ஸ்டாம்புச் செலவுக்கே அவள் ஒரு வருஷம் பீடி சுற்ற வேண்டியிருக்கும். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்!

விஷயம் கரீமுல்லாவின் காதுக்கு எட்டியது. அந்த வாரம் அவளுக்கு மட்டும் இலை பாதிதான் வந்தது. அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன?

சாந்தோம் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் லூர்துமேரிக்குத் திரையெல்லாம் தடையில்லை. பெண்பிள்ளை, நேரே அடுப்படிக்கே வந்துவிடுவாள். ஒருநாள் நெத்திலியை அளந்து கொட்டிவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைக்கப் போனாள். அஸ்மத்துன்னிசா அதைப் பிடுங்கிப் பார்த்தாள். நுனி மடிப்பு அவளுடைய மடிப்பு. தான் பெற்ற பிள்ளையைத் தாய்க்குத் தெரியாதா?

"இது ஏது உனுக்கு?"

"உங்க ஏஜெண்டுதாம்மே கள்ளுக்கடையாண்ட விக்கிறாரு. லேபிள் இல்லாத பீடி, சல்லிசு. குப்பமே இதைத்தான் புடிச்சிக்கினு கீது. இன்னாமே, மூஞ்சி இப்டி ஆயிட்ச்சி?"

லூர்துமேரி போனதும் கொல்லைச் சுவரோரம் நின்று பக்கத்து வீட்டு அன்வரி பேகத்தைக் கூப்பிட்டாள். அவள் அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள். வாசலில் திரை இருந்தால் என்ன, கொல்லைச் சுவருக்கு ஏது கோஷா?

சனிக்கிழமை கரீமுல்லா வந்து குந்தினார். திரைக்கு அடியில் தட்டு வரவில்லை. ஒரு காலி முறம் வந்தது.

"இது எதுக்கு?"

"கழிக்கிறதையெல்லாம் இதுல நசுக்கிப் போடுங்க பாய். தூளு உங்களுது, எடுத்துக்கினு போங்க. என் கைவேலை மட்டும் உங்களுக்கு ஓசியில வாணாம்."



"திமிரா? இனிமே உனுக்கு இலையே கிடையாது, போ!"

செருப்புச் சத்தம் நகர்ந்தது. மற்றவர்கள் தட்டை நீட்டிவிட்டால் நாளைக்கு அடுப்பு எரியாது. அஸ்மத்துன்னிசா திரையோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னா இது, இங்கியும் முறம்?" அன்வரி பேகத்தின் வாசலில் அவர் கத்துவது கேட்டது. அடுத்த வாசலில் இன்னும் உரக்கக் கத்தினார். சந்தின் கோடிக்குப் போகப் போகக் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. நோன்புப் பெருநாள் சரக்குக்குக் கம்பெனி வண்டி சந்துமுனையில் காத்துக்கொண்டிருந்தது. வெறும் வண்டியை அனுப்பினால் ஏஜெண்டு வேலைக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. "சரி, தட்டைத் தள்ளு" என்றார்.

அவர் பிரிக்க ஆரம்பித்தார். "இது கழிவு."

"நசுக்குங்க பாய்."

நல்ல பீடியை நசுக்க எந்த வியாபாரிக்குத்தான் மனசு வரும்? "ம்... பரவால்ல, இது நல்லதுல போவும்" என்று முணுமுணுத்தார். அடுத்ததும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. இத்தனை நாள் தின்ற கூலியை அவர் திருப்பித் தரவில்லை, தரவும் மாட்டார். ஆனாலும் அஸ்மத்துன்னிசாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசியில் முறம் உள்ளே வந்தபோது நசுங்கிக் கிடந்தது மூன்றே பீடி. எடுத்துப் பார்த்தாள். இலை ஓட்டை, சுற்றும் தளர்வு.

"இது மூணும் என் தப்புதான் பாய்" என்றாள். "மீதிக்குக் காசு போடுங்க."