கிழக்கு பார்த்த மேடை

தென்சென்னை மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973-ஆம் வருஷம் ஆரம்பமானபோது முதலில் வந்து சேர்ந்தது லெட்டர்ஹெட். அதற்குப் பிறகு ரப்பர் ஸ்டாம்ப். தலைவர், நான்கு துணைத் தலைவர்கள், கௌரவச் செயலாளர், இணைச் செயலாளர்கள் என்று பதினான்கு ஆண்கள் பதவி ஏற்ற பிறகுதான், ஆடுவதற்குப் பெண்கள் வேண்டுமே என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. கூடைப்பந்து ஆடியவள், ஓட்டப் பந்தயத்தில் ஓடியவள், அண்ணன்மாருக்குப் பந்து பொறுக்கிப் போட்டே பழகியவள் என்று தேடிப் பிடித்ததில் பத்துப் பேர் தேறினார்கள். பதினொன்றாவது ஆள் ஜெயபாரதி.

அவள் சுழற்பந்து போடுவாள். தி. நகர் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் கரியால் மூன்று கோடு கிழித்து, இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் போட்டுப் பழகிய பந்து. ஆள்காட்டி விரல் காய்த்துப் போயிருந்தது. பெண் வீணை கற்றுக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். நினைத்தால் நினைக்கட்டும் என்று ஜெயபாரதியும் விட்டுவிட்டாள்.

அவளுடைய அப்பா சிதம்பரநாதன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பனகல் பார்க் அருகே ஜவுளிக்கடை வைத்திருந்தார். யார் சொல்வதையும் லேசில் நம்புகிற மனிதர் இல்லை. மில் ஏஜெண்ட் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், கண்ணை மூடிக்கொண்டு துணியின் ஓரத்தைச் சர்ரென்று கிழிப்பார். கிழிபடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இதுல பாதிக்குப் பாதி கலப்பு கெடக்கு, எடுத்துட்டுப் போயிரும்" என்பார். அதில் அவர் தவறியதாகச் சரித்திரமே இல்லை.

மறு வருஷம் கல்கத்தாவில் நடக்கும் ஒரு போட்டிக்குச் சங்கத்துக்கு அழைப்பு வந்தது. ரயிலில் இரண்டு ராத்திரிப் பயணம். மற்றப் பத்து வீடுகளிலும் எப்படியோ சம்மதம் வாங்கியாகிவிட்டது. சிதம்பரநாதன் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"வயசுப் பிள்ளையக் கண்காணாத ஊருக்கு அனுப்பச் சொல்லுதாங்க. என்ன ஆட்டம் ஏது ஆட்டம்னு ஒருநா நான் வந்து பாக்கேன். பாத்துட்டுத்தான் எதுவும் சொல்லுவேன்" என்றார்.

இது நியாயமான பேச்சு என்றே ஜெயபாரதிக்குத் தோன்றியது. பார்த்தால் போதும். ஒரே ஒரு ஓவர் பார்த்தால் போதும். ஆனால் கடையை விட்டு அவர் எங்கே கிளம்பப் போகிறார்? அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கௌரவச் செயலாளர் ராமானுஜத்திடம் போய், "சார், டீமுக்கு வெள்ளைத் துணி எங்கப்பா கடையிலே கேட்டுப் பாருங்களேன்" என்றாள். கேட்டார்கள். பதினோரு பேருக்கும் வெள்ளை டிரில் துணி வந்தது. பிறகுதான் வினையே ஆரம்பித்தது.

ராமானுஜம் செக்ரடேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். விழா நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள மயிலாப்பூரில் ஆள் கிடையாது. கிரிக்கெட்டில் ஓவருக்கு எத்தனை பந்து என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். அதனால் என்ன, ரோஜா மாலைக்கு எத்தனை முழம் என்று யோசிக்காமல் சொல்வார். அணியை வழியனுப்ப ஒரு விழா, கூடவே அடையாறு கல்லூரிப் பெண்களோடு ஒரு மேட்ச் என்று ஏற்பாடு செய்தார். சாந்தோம் பக்கத்தில் ஒரு மைதானம் கிடைத்தது. துணி கொடுத்த வள்ளலுக்கு மேடையில் இடம் ஒதுக்கப்பட்டது.

அன்று மத்தியானம் மைதானத்துக்குள் நுழைந்ததும் ஜெயபாரதி முதலில் மேடையைத்தான் தேடினாள். ஷாமியானாவும் நாற்காலிகளும் பாதி மைதானத்தை விழுங்கிவிட்டிருந்தன. மிச்சப் பாதியில், மேடைக்கு இருபதடி பின்னால், பிட்ச். மேடையின் நாற்காலிகளெல்லாம் ஷாமியானாவைப் பார்த்துப் போடப்பட்டிருந்தன. மேடையில் உட்காருகிறவருக்கு மேட்ச் முதுகுக்குப் பின்னால் நடக்கும்.

"சார், மேடை திரும்பி இருக்கு" என்றாள்.

"திரும்பலைம்மா, சரியாத்தான் இருக்கு. சீஃப் கெஸ்ட் கிழக்கு பார்த்து உக்காரணும். வெயிலும் மூஞ்சியிலே அடிக்காது."

"ஆனா மேட்ச் தெரியாதே, சார்."

"மேட்ச் எங்கே ஓடிப்போயிடப் போறது? பின்னாடிதானே நடந்துண்டிருக்கும்" என்றார் ராமானுஜம்.

கேப்டன் கோமளம் மயிலாப்பூர்க்காரி. இந்த மாதிரி விழாக்களிலேயே வளர்ந்தவள். "விடுடி. இவாளுக்கு மேடைதான் மேட்ச். எங்காத்துல சஷ்டியப்த பூர்த்திக்கே அப்பாவை யாரும் பாக்கலை" என்றாள்.

ஜெயபாரதிக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் தன்னால் வந்தது என்பது அவளுக்கு உறைத்தது. அந்தத் துணியைக் கேட்கச் சொல்லாமல் இருந்திருந்தால், அப்பா ஏதாவது வேப்பமரத்தடியில் நின்றாவது பார்த்திருப்பார்.

தலைமை விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். வெளிச்சம் போய்விடும் என்பதால் விழா ஒரு பக்கம், மேட்ச் ஒரு பக்கம் நடக்கட்டும் என்று முடிவாயிற்று. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை. சிதம்பரநாதனுக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி, கழுத்தில் ஒரு மாலையும் போட்டார்கள். மாலை காது வரைக்கும் ஏறி நின்றது. அவர் ஒரு தடவை கழுத்தைத் திருப்பப் பார்த்தார். "சார், இப்படிப் பாருங்கோ" என்றார் போட்டோக்காரர். கடைக்கு வருகிறவர்களிடம் அதட்டிப் பேசுகிற மனிதர், மேடையில் ஏறியதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அடங்கி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஓய்வு பெற்ற கலெக்டர். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார இவருக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்து ராமானுஜம் 'அணியின் வரலாறு' வாசிக்க எழுந்தார். அணிக்கு வயது பதினோரு மாதம். வரலாறு ஒன்பது பக்கம். கமிட்டி கூடிய தேதிகள், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் எல்லாம் அதில் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் கரண்ட் போயிற்று. மைக் செத்தது. அதைக் கவனிக்காமல் அவர் தொடர்ந்து வாசித்தார்.

அப்போதுதான் கோமளம் ஜெயபாரதியிடம் பந்தைக் கொடுத்தாள்.

கடல்காற்று எழும்பிவிட்டிருந்தது. நாலடி ஓடி வந்து காற்றிலே பந்தை விட்டாள். அது வெளியே போவது போலப் போய், குத்தியதும் உள்ளே திரும்பி நடு ஸ்டம்பைப் பெயர்த்தது. ஜெயபாரதி உடனே மேடையைப் பார்த்தாள். ஜரிகை போட்ட ஒரு முதுகும், எண்ணெய் தடவி வாரிய பின்மண்டையும் தெரிந்தன. அது அசையவில்லை.

அடுத்தவள் கெட்டிக்காரி. நான்கு பந்துகளைக் காலை நீட்டித் தடுத்தாள். கடைசிப் பந்தைக் கொஞ்சம் மெதுவாக விட்டாள் ஜெயபாரதி. எதிரே நின்றவள் மட்டையைச் சுழற்றி முடித்த பிறகு பந்து வந்து லெக் ஸ்டம்பைச் சாய்த்தது. ஷாமியானாவில் படபடவென்று கைதட்டல். வரலாற்றில் பெயர் வந்த இணைச் செயலாளர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருஷம் மாடியில் ஒளிந்து பழகிய பந்து இதைவிட நன்றாக இனி ஒருநாளும் விழாது. அது விழுந்த நேரத்தில் அப்பா இருபதடி தூரத்தில் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தை எடுத்து அந்த மேடை மேலேயே எறியலாமா என்று இருந்தது. அடுத்த ஓவரில் விக்கெட் கீப்பர் தங்கம் ஒரு பந்தைப் பிடிக்கப் பாய்ந்து, கால் தடுக்கி, மூன்று ஸ்டம்பையும் சேர்த்துக்கொண்டு விழுந்தாள். அதற்கும் மேடை திரும்பவில்லை. சற்று நேரத்தில் இருட்டிவிட்டது என்று மேட்சை நிறுத்தினார்கள். வரலாறு மட்டும் நிற்கவில்லை. அதன் கடைசி வரி 'மற்றும் வீராங்கனைகள்' என்று முடிந்தது.

பஸ்ஸுக்கு இருவரும் லஸ் வரைக்கும் நடந்தார்கள். சிதம்பரநாதன் பொன்னாடையை மடித்து, ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். "பட்டு இல்ல" என்றார். பார்த்துட்டுத்தான் சொல்லுவேன் என்றவர், பார்க்கவில்லை, அப்புறம் என்ன சொல்வதற்கு இருக்கிறது என்று ஜெயபாரதி நினைத்தாள். தான் இல்லாமல் போக முடியாத மற்றப் பத்துப் பேரின் முகமும் ஞாபகத்துக்கு வந்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்றதும் அவர் கேட்டார். "ஏளா, கரண்ட் போனப்போ கட்டை விழுந்த சத்தம் மூணு வாட்டி கேட்டுச்சு. மூணும் நீ போட்டதா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். கல்கத்தா அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது. அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இல்லப்பா, ரெண்டுதான் நான். மூணாவது, எங்க கீப்பர் தடுக்கி விழுந்துட்டா."

"அதானே பாத்தேன்" என்றார் சிதம்பரநாதன். "மொத ரெண்டும் ஒரே கை. டக்குனு சுத்தமா விழுந்துச்சு. மூணாவது ஆளு விழுந்த சத்தம்லா. எனக்குத் தெரியாதாக்கும்."

ஜெயபாரதி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கடையில் துணியைக் கிழிக்கும்போது நிற்பாரே, அப்படி.

"ரெண்டாவதா கட்டை விழுந்த அந்தப் பந்த மெதுவா விட்டியோ?"

"ஆமாப்பா."

"ம். சத்தம் கொஞ்சம் பிந்தி வந்துச்சு."

பஸ் வந்தது. கூட்டத்தில் அவளை முன்னால் ஏற்றிவிட்டு, பொன்னாடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் ஏறினார். கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கினார். பிறகு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி அவள் காதருகே குனிந்தார்.

"கல்கத்தாவுல மேடைய எந்தப் பக்கம் பாத்துப் போடுவாங்கன்னு அந்தச் செக்ரட்டரிகிட்ட விசாரிச்சு வையி. நானும் வாரேன். எனக்குக் கீழதான் எடம் வேணும்."