‘போதும்’ என்றவள்

1

இந்தக் கதை என் மனைவியின் மானத்தைக் காப்பாற்றப் பிறந்தது. அவள் வேலை செய்யும் இடத்தில் பத்து நாளாக அவளுக்குப் ‘போதும் மேடம்’ என்று பட்டப்பெயர். அதைத் துடைக்கத்தான் பேனாவை எடுத்தேன். நோக்கம் நல்லதுதான்.

2

முதல் தொடக்கம்: வானத்தைக் கிழித்துக்கொண்டு அந்த இரும்புப் பறவை… (அடித்துவிட்டேன். அது பறவையும் இல்லை, அதில் இரும்பும் அவ்வளவாக இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: அது ஒரு சோதனை ஹெலிகாப்டர். தலைக்கு மேல் வழக்கமான சுழலி, இரண்டு பக்கமும் குட்டை இறக்கைகள், பின்னாலிருந்து தள்ள வாலில் இன்னொரு விசிறி. விமானம்போல விரைய வேண்டும், நினைத்த இடத்தில் நின்று இறங்கவும் வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை கொடுத்தால் கை நடுங்கத்தானே செய்யும்? வேகம் ஏற ஏறச் சுழலி நடுங்கும்.*

அந்த நடுக்கத்தைத் தரையில் ஓர் அறையில் உட்கார்ந்து பார்ப்பது என் மனைவியின் வேலை. சுழலியின் அலகில், அதாவது பிளேடில், ஒட்டிய சின்ன உணரி (சென்சார்) திரையில் ஒரு கோடாகத் தெரியும். அறையில் யார் ‘போதும்’ என்றாலும் விமானி வேகத்தைக் குறைத்தாக வேண்டும். ஏன் என்று இறங்கிய பிறகுதான் கேட்கலாம்.

இலக்கு மணிக்கு 460 கிலோமீட்டர். 452இல் கோடு துள்ளியது. சொல்லிவிட்டாள். இறங்கிப் பார்த்தால் உணரியின் பசை விட்டிருந்தது. ஹெலிகாப்டர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

* ஒரு பக்க அலகுக்குக் காற்று அதிகம், மறுபக்கத்துக்குக் குறைவு. இது எனக்குப் புரிய ஒரு வாரமும் நான்கு சண்டையும் ஆயின.

3

அவள் பக்கம் நியாயம் என்று காட்ட எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கதையில் அவள் வாய் திறக்கக் கூடாது. 452. 455. 458. அப்போது அலகு…

(இந்தப் பத்தியை நான்கு தடவை எழுதினேன். நான்கிலும் விமானி செத்தார். நான்காவது நன்றாகவே வந்திருந்தது.)

துணி மடித்துக்கொண்டே படித்தாள்.

“என்னை நல்லவளாக் காட்ட அவரைக் கொல்லணுமா?”

“கதைதானே.”

“மொட்டை மாடியில தக்காளி வெச்சிருக்காரு. யாரு தண்ணி ஊத்துவா?”

“சரி. நீ சொல்றே, இறங்கிப் பாத்தா நெஜமாவே விரிசல். எப்படி?”

“விரிசல் இல்லையே. பசைதானே?”

“அன்னிக்கு அவரு என்னதான் சொன்னாரு?”

“ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. எட்டு கிலோமீட்டர்தானேம்மான்னு அரை மணி நேரம் திட்டினாரு.” ஒரு சட்டையை நீவி வைத்தாள். “அழுகையா வந்துச்சு. ஆனா அவரு திட்டத் திட்ட ஒரு நிம்மதி. திட்டறதுக்கு ஆளு முழுசா வந்து நிக்கறாரே.”

எனக்கு வெட்கமாக இருந்தது.

4

நாளைக்கு மறுபடி பறக்கிறார்கள். புதுப் பசை, அதே நாற்காலி, அதே அவள். 460ஐத் தொட்டதும் எல்லோரும் கைதட்டுவதாக ஒரு முடிவு எழுதிக் காட்டினேன்.

“அவரு இறங்கற வரைக்கும் எதையும் முடிக்காதீங்க,” என்றாள்.

ஆகவே நாற்காலியை உங்களுக்குத் தருகிறேன். 454. கோடு துள்ளுகிறது. பசையாக இருக்கலாம், அலகாகவும் இருக்கலாம். ‘போதும்’ என்றால் அவர் இறங்கி வந்து உங்களைத் திட்டுவார். சொல்லாவிட்டால் என்னிடம் ஒரு பத்தி தயாராக இருக்கிறது. நான்காவது தடவை எழுதியது.

456.