தூன்யாவின் இடது கண்

எங்கள் கட்டடத்தில் பாம்பு இருக்கக் கூடாது என்று மனு எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாரும் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டாம். பதினாறு வீட்டுக்கும் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். குடியிருப்போர் சங்கத் தலைவன் என்றால் சும்மாவா?

டிசம்பரில் வாசல்படியில் பனிக்கட்டி உருக உப்பு தூவாமல் விட்டவனும் நான்தான். டி.வி.யில் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் மாடி ஸ்மில்யானா அந்தப் பனிக்கட்டியில் வழுக்கி, இரண்டு கையையும் ஊன்றி விழுந்து, இரண்டு மணிக்கட்டையும் முறித்துக்கொண்டாள்.

ரயில் நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள் அவள். தனிக்கட்டை. அக்கா மகன் வியன்னாவுக்கு வேலைக்குப் போனபோது, "ஒரு மாசம் வெச்சுக்கோ சித்தி" என்று விட்டுப்போன பாம்பு எட்டு வருஷமாக அவளோடு இருக்கிறது. விஷமில்லாத ஜாதி. வாசத்துக்காக அலமாரி மேல் வைப்போமே, அந்த தூன்யாப் பழத்தின் மஞ்சள் நிறம். அதனால் பெயரும் தூன்யா.

ஜனவரி ஆறாம் தேதி, பழைய காலண்டர்படி விடிந்தால் எங்கள் கிறிஸ்துமஸ். மத்தியானம் என் கதவை யாரோ காலால் உதைத்தார்கள். திறந்தால் ஸ்மில்யானா. இரண்டு கையும் முழங்கை வரை மாவுக்கட்டு, விரல்நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

"தலைவரே, உங்க கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு. ஏன்?"

"அதைக் கொஞ்சம் எடுத்துக்கிட்டு மேல வாங்க. தூன்யாவுக்குச் சட்டை உரிய மாட்டேங்குது."

"வேரிட்சாவைக் கூப்பிடலாமே?" என்றேன். கீழ்வீட்டு வேரிட்சாதான் அவளுக்கு மூன்று வேளையும் ஊட்டிவிடுகிறாள்.

"அவ எனக்கு சூப் ஊட்டுவா. பாம்பு இருக்கிற ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டா. உங்க மனுவுல ரெண்டாவது கையெழுத்தே அவளோடதுதான்."

"டாக்டர்?"

"நம்ம நிஷ் ஊர்ல இருக்கிற டாக்டருங்க எல்லாரும் நாய், பூனைதான் பாப்பாங்களாம். பெல்கிரேட்ல ஒருத்தர் இருக்காரு. அவரும் பத்தாம் தேதி வரைக்கும் லீவு. கிளம்புற அவசரத்துல போன்ல சொன்னாரு. ஈரத்துணி, வெதுவெதுப்பான தண்ணி, பொறுமை. மூணாவதுதான் உங்ககிட்ட இருக்கான்னு தெரியல."

வருகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தி, பிளம் பழத்தில் காய்ச்சிய ரக்கியாச் சாராயத்தை இரண்டு சின்னக் கிளாஸ் உள்ளே தள்ளினேன். பாட்டிலையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் ரக்கியா தீர்க்காத கஷ்டம் கிடையாது. காய்ச்சல் என்றால் காலுறையை அதில் நனைத்து மாட்டுவோம், பல்வலி என்றால் வாயில் அடக்கிக்கொள்வோம், பயம் என்றால் இருக்கவே இருக்கிறது.

அவள் அறை அடுப்படி மாதிரி கொதித்தது. அந்தச் சூடும் என் கைங்கரியம்தான். நவம்பரில், வீடுகளைச் சூடாக்கக் குழாயில் வெந்நீர் அனுப்பும் நிலையத்துக்குப் போய் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டு, கட்டடம் முழுவதும் ரேடியேட்டர் தகிக்கும்படி செய்தவன் நான். காற்று காய்ந்துபோனால் பாம்புக்குச் சட்டை உரியாதாம். மற்ற வருஷங்களில் அவள் பாம்பின் பெட்டிக்குள் தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சமாளித்திருக்கிறாள். இந்தக் கையை வைத்துக்கொண்டு எதைத் தெளிப்பது?

பாம்பைப் பார்த்ததும் பயம் போய்ச் சங்கடம் வந்துவிட்டது. பழைய சுவரில் சுண்ணாம்பு உரிவது மாதிரி உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. வால் நுனியில் அது சுருண்டு இறுகி, நுனி கருக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு கண்ணின் மேலும் வெள்ளையாக ஏடு.

"வால் முக்கியம். இப்படியே விட்டா நுனி செத்துடும்" என்றாள் ஸ்மில்யானா. "கண்ணைத் தொடவே கூடாது. அது அடுத்த சட்டையோட தானா வந்துடும்னு டாக்டர் சொன்னாரு. காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"திருப்பிச் சொல்லுங்க."

"கண்ணைத் தொடக் கூடாது. நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?"

வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்தோம். பிறகு ஈரத்துண்டால் பொத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று, வாயாலேயே என் கைகளை ஓட்டினாள்.

"அழுத்தாதீங்க. துணியை மட்டும் பிடிங்க, அவ பாட்டுக்குப் போவா. ஐயோ, பூரிக்கட்டையா அது? மெதுவா."

"கடிக்குமா?"

"உங்களைக் கடிச்சா அவளுக்குத்தான் வயிறு கெட்டுப்போகும்."

தூன்யா துண்டுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வந்தபோது, ஒரு முழ நீளத்துக்குத் தோல் துணியிலேயே தங்கிவிட்டது. அடியிலிருந்து பளபளவென்று மஞ்சள் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்! வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பேன் போல. ஒரு மணி நேரத்தில் உடம்பு முழுக்க இருந்த தோல் வந்துவிட்டது. கடைசியில், மோதிரம் கழற்றுவது மாதிரி, வால் நுனியில் இருந்ததும் வந்தது.

"உங்களுக்குக் கைராசி இருக்கு தலைவரே" என்றாள். ஏளனமாகச் சொல்லவில்லை.

இந்த ராசி விஷயம் எங்களுக்குப் பெரிது. கிறிஸ்துமஸ் காலையில் முதலில் யார் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கிறாரோ, அவர் ராசிதான் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க. அதனால் நல்ல மனிதராகப் பார்த்து முன்பே சொல்லி வைப்பார்கள். வந்தவர் தலையில் கோதுமை மணி தூவி வரவேற்பார்கள். என்னை இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

"உங்க வீட்டுக்கு நாளைக்கு யாரு?" என்று கேட்டேன்.

"அக்கா மகன் வர்றான். வியன்னால இருந்து கிளம்பியிருப்பான்."

அந்த நேரம் பார்த்து வெளி அறையில் போன் அடித்தது. முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் போனாள்.

நானும் தூன்யாவும் தனியாக இருந்தோம். வலது கண்ணின் ஏட்டில் ஒரு ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு எடுத்தோம், இந்தத் துணுக்குதானா பெரிசு? அவள் திரும்பி வருவதற்குள் இதையும் முடித்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் நேரமெடுக்கும். பஞ்சை ரக்கியாவில் நனைத்து அந்த ஓரத்தில் ஒற்றினேன். நகத்தால் நுனியைப் பிடித்தேன். எரிச்சலில் பாம்பு தலையை வெடுக்கென்று இழுத்தது. நான் விடவில்லை.

ஏடு என் விரலோடு வந்துவிட்டது. அடியில் கருப்பு மணி மாதிரி கண் இருக்கும் என்று பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, ஏதோ இருந்தது. ஏட்டோடு கண்ணின் சொந்தத் தோலையும் பிய்த்திருந்தேன்.

"அவன் வரல தலைவரே. வழியெல்லாம் பனியாம்…" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். முதலில் பாம்பைப் பார்த்தாள், அப்புறம் பஞ்சை, அப்புறம் பாட்டிலை.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளால் அதுவும் முடியாதே. முழங்காலிட்டு, மாவுக்கட்டுப் போட்ட இரண்டு கையையும் பாம்பை நோக்கி நீட்டினாள். தூக்க முடியவில்லை. நீட்டியபடியே இருந்தாள்.

"பெட்டியில விடுங்க. மெதுவா" என்றாள் கடைசியில்.

விட்டேன். பெல்கிரேட் டாக்டரின் எண்ணை அவளுக்காக நானே அழுத்தினேன். பத்தாம் தேதிக்கு மேல் கூப்பிடுங்கள் என்று பதிவுசெய்த குரல் சொன்னது. மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் அதுவே சொன்னது.

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடை வரை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள அவளுக்குக் கையில்லை. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு அவள் முகத்துக்குப் பக்கத்தில் போனேன். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாவுக்கட்டிலேயே கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள். சொரசொரப்பில் கன்னம் சிவந்தது. அந்த நிமிஷம் என் கையை வெட்டி எறியலாம் போல இருந்தது.

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள்.

"இடது கண்ணு இருக்கு. ஈரத்துணி மாத்திக்கிட்டே இருக்கணும். எனக்கு வேற யார் இருக்கா? காலைல ஏழு மணிக்கு வாங்க. குடிக்காம வாங்க."

இறங்கிப் பாதிப் படி வந்த பிறகுதான் உறைத்தது, நாளை அந்த வீட்டுக்குள் முதலில் காலெடுத்து வைக்கப்போவது நான் என்று.

ஆறு மணிக்கே எழுந்து வாசல்படியெல்லாம் உப்பு தூவினேன். ஏழு மணிக்கு மூன்றாம் மாடி. முழங்கையால் கைப்பிடியை அழுத்திக் கதவைத் திறந்தாள். அக்கா மகனுக்காக எடுத்து வைத்த கோதுமைக் கிண்ணம் மேஜைமேல் அப்படியே இருந்தது. வலது காலை எடுத்து உள்ளே வைத்தேன்.

"கிறிஸ்து பிறந்தார்" என்றேன்.

மெய்யாகவே பிறந்தார் என்று பதில் வரவேண்டும். எதிரியாக இருந்தாலும் அன்றைக்கு அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றாள்.